வால் முளைத்த பந்து

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டருக்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரியாது. கறுப்புக் கண்ணாடி, அதில் பச்சை எழுத்து, அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் அதை வைத்து, என் வீட்டுக்காரரின் தம்பி கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சென்டர் ஒன்று தொடங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். வாசலில் போர்டு மாட்டிய அன்று, அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை நான் யாரையும் உள்ளே போக விடவில்லை. மூணாங்கிளாஸோடு நின்றவள் நான். ஆனால் படித்தவரைக்கும் ஒழுங்காகப் படித்தவள்.

படம் எப்படி இருக்கவேண்டும் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில் இருந்த காலத்தில், எண்பதுகளில், தெருவிலேயே முதல் டிவி எங்கள் வீட்டில்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதன் முகத்தில் மாட்டுவதற்கென்று அப்போது ஒரு பிளாஸ்டிக் தாள் விற்றார்கள். மேலே நீலம், நடுவில் ஒரு மாதிரிச் சிவப்பு, கீழே பச்சை. வானமும் வயலும் வந்தால் பொருத்தமாக இருக்கும். செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு நீல நெற்றியும் பச்சைக் கழுத்தும் இருக்கும். நாங்கள் அதைக் கலர் டிவி என்றே சொன்னோம். பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்தவர்களும் அப்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். ஆன்டெனாவை ஒரு பக்கம் திருப்பினால் கொடைக்கானல் வரும், மறுபக்கம் திருப்பினால் இலங்கை வரும். பாதி நாள் இரண்டும் வராமல், முறத்திலிருந்து கேப்பையைக் கொட்டியது போலப் புள்ளியாகக் கொட்டும். அதையும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்போம்.

பிறகு, மழையை நம்பி மிளகாய் போட்டு அலுத்துப்போய் என் வீட்டுக்காரர் டவுனில் கமிஷன் கடை வைத்தார். நாங்களும் டவுனுக்கு வந்துவிட்டோம். கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் எங்களோடுதான் இருந்தார்கள். என் ஓரகத்தி டைப்ரைட்டிங் படித்தவள். சென்டரில் பாதி வேலை அவளுடையது.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததிலிருந்து வெயில் தாழும்வரை சென்டருக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அருப்புக்கோட்டை வெயில் அப்படி. அந்த நேரத்தில் ஒரு நாள் என் ஓரகத்தி என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மேலே வரிசை வரிசையாகச் செங்கல். கீழே ஒரு கட்டை. நடுவில் ஒரு பந்து. கட்டையை இடமும் வலமும் நகர்த்திப் பந்தைத் தட்டிவிட வேண்டும். பந்து மேலே போய்ச் செங்கலை உடைத்துவிட்டுத் திரும்பி வரும். ஒரு சுவர் முழுக்க உடைந்தால் அடுத்த சுவர் வரும். பந்தைத் தவறவிட்டால் ஒரு உயிர் போச்சு. மூன்று உயிர். இதற்கு இங்கிலீஷ் தெரியவேண்டியதில்லை. இரண்டு பொத்தான் தெரிந்தால் போதும்.

முதல் வாரம் எல்லாரையும் போல நானும் தவறவிட்டேன். அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பந்துக்கு வால் இருந்தது. அது போன வழியெல்லாம் பச்சையாக ஒரு கோடு விழுந்து, மெல்ல மெல்ல மங்கும். இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் வட்டம் தெரியுமே, அந்த மாதிரி. பந்து இறங்கும்போது வால் எந்தச் சாய்வில் கிடக்கிறதோ, அதே சாய்வில் கோட்டை நீட்டிப் பார்த்தால் அது தரையைத் தொடும் இடம் தெரிந்துவிடும். கட்டையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு நான் காத்திருப்பேன். பந்து தானாக வந்து விழும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுமளவுக்கு அது ஒரு சங்கதி என்றே எனக்குத் தோன்றவில்லை. பந்து என்றால் வால் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் அந்த வீட்டில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. கொழுந்தனார் ஆடிப் பார்த்தார், தோற்றார். சென்டருக்கு வந்த காலேஜ் பிள்ளைகள் ஆடினார்கள், தோற்றார்கள். எங்கள் தெருவில் விசைத்தறி அதிகம். எல்லாத் தறியும் ஒன்றாக ஓடினால் கரண்டு இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கிப்போகும், முதல் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணி மாதிரி. அந்தச் சுருங்கிய படத்திலும் நான் ஜெயித்தேன். பலசரக்குக் கடைக்குப் போனால், "அந்தக் கம்ப்யூட்டர் அக்கா" என்று யாராவது சொல்வது காதில் விழும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். ஆனால் மெதுவாக நடப்பேன்.

அடுத்த வருஷம் ஆடி முடிந்த கையோடு மதுரையிலிருந்து கலர் மானிட்டர் வைத்த புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதை முதல்முதலாகப் போட்ட நாளில் வீடே கூடி நின்றது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, பழுத்த மிளகாய் தோற்றுவிடும். எழுத்து மட்டும் பழைய கண்ணாடியில்தான் இன்னும் கூர்மையாக இருந்தது என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கலருக்கே அடித்துக்கொண்டார்கள். பச்சைக் கம்ப்யூட்டர் மூலைக்குப் போய், மத்தியானத்தில் எனக்கு மட்டும் என்றானது.

புதுசிலும் அதே செங்கல் விளையாட்டு இருந்தது. கொழுந்தனார் அதில் ஆடி ஆடிக் கை தேறிவிட்டார். புரட்டாசியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரோ என் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்க, அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"மதினி பந்தைப் பாத்து ஆடல. வாலைப் பாத்து ஆடுறாக."

எனக்கு என்னவோ போலிருந்தது. என்ன வால் என்று என் ஓரகத்தி கேட்டாள். அவர் விளக்கினார். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு பூச்சு உண்டாம். பழைய மானிட்டரில் அந்தப் பூச்சு ஒரு தடவை ஒளிர்ந்தால் அணைய நேரமாகுமாம். அதனால்தான் பந்து போன பின்னும் தடம் கிடக்கிறதாம். கலர் மானிட்டரில் பட்டென்று அணைந்துவிடும், வால் கிடையாது. பந்து இருக்கும் இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

"அப்ப அக்கா ஜெயிச்சது அக்கா இல்லையா?" என்றாள் அவள்.

"பாதி அக்கா, பாதி கண்ணாடி," என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. கலர் மானிட்டரிலேயே கொழுந்தனாரை ஜெயித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் விடவில்லை. ஆயுத பூசை முடிந்த வாரம், கம்ப்யூட்டர் விற்ற மதுரைக்காரர் இரண்டாவது கலர் மானிட்டர் கொண்டுவருவதாக இருந்தது. பழைய பச்சையை எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்துத் தருவார் என்பது கொழுந்தனாரின் கணக்கு. நான் ஜெயித்தால் பச்சை வீட்டில் இருக்கும், தோற்றால் வண்டியேறும் என்று பந்தயம். பூசைக்கு மறுநாள் ஆட்டம்.

வாயில் சொல்லிவிட்டேனே தவிர, எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. பச்சை போனால் என் மத்தியானம் போகும், அது ஒன்று. அதைவிடப் பெரிது, என் ஆட்டம் என் கையில் இருக்கிறதா, அந்தக் கண்ணாடியில் இருக்கிறதா என்பது. அது எனக்கே தெரியவில்லை. கலரில் நாலு நாள் பழகிக்கொள்ளுங்கள் என்று ஓரகத்தி சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். பழகினால், பயந்துபோய்ப் பழகினேன் என்பார்கள்.

ஆயுத பூசை எங்கள் வீட்டில் ஒரு முறையாக நடக்கும். உழுத குடும்பம். வேலை செய்கிற சாமான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒன்றையொன்று தொட்டபடி வைக்கவேண்டும். மறுநாள் காலையில் மறுபடி கற்பூரம் காட்டும்வரை எதையும் நகர்த்தக் கூடாது, எதையும் வேலைக்கு எடுக்கக் கூடாது. ஊரில் இருந்தபோது கலப்பையைச் சுற்றி மற்றதை வைப்போம். அந்த வருஷம் கம்ப்யூட்டரை நகர்த்த முடியாது என்பதால், எல்லாவற்றையும் அதனிடம் கொண்டுவந்தோம். மண்வெட்டி, அரிவாள், கமிஷன் கடைத் தராசு, அரிவாள்மனை, என் ஓரகத்தியின் டைப்ரைட்டர், என் வீட்டுக்காரர் உயிராய் வைத்திருந்த டேப் ரிக்கார்டர், அதன் இரண்டு பெரிய மரப் பாக்ஸ். பாக்ஸ் இரண்டையும் கலர் மானிட்டருக்கு இரண்டு பக்கமும் காவல்காரர் போல நிறுத்தினார். தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும் அல்லவா, நன்றாக ஒட்டி நிறுத்தினார். நான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மானிட்டருக்கு நெற்றி எது என்று தெரியாததால் கண்ணாடியின் நடுவிலேயே வைத்தேன்.

மறுநாள் கற்பூரம் காட்டிச் சாமானை எல்லாம் எடுத்தோம். கொழுந்தனார் கலர் கம்ப்யூட்டரைப் போட்டார். போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். படத்தின் இடது பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். வலது மூலையில் பாசி படர்ந்த மாதிரி ஒரு பச்சை. நடுவில் மட்டும் வெள்ளை, அதிலும் என் சந்தனப் பொட்டு.

"ஏலே, இதுவும் அந்தக் காலத்து பிளாஸ்டிக் தாள் மாதிரி ஆகிப்போச்சே," என்றார் என் வீட்டுக்காரர்.

கொழுந்தனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மதுரைக்காரருக்குப் போன் போட எஸ்டிடி பூத்துக்குப் போனார். அவர் வருவதற்குள் பொட்டையாவது அழிக்கலாம் என்று ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடி என் கைமுடியைப் பிடித்து இழுத்தது, சடசடவென்று சத்தம் வேறு. துடைத்த இடத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் நின்றது. அதற்குள் பார்த்தேன். வெளியே வெள்ளையாக இருக்கும் அந்த இடத்தில், தண்ணீருக்குள் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம், சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாகத் தானியம் பரப்பியது போல இருந்தது. ஓரகத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று பார்த்தோம். அவள் செங்கல் விளையாட்டைப் போட்டு, மஞ்சள் செங்கல் மேல் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். அதில் சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்தன, நீலம் அணைந்து கிடந்தது. மஞ்சள் என்று ஒன்று உள்ளே கிடையவே கிடையாது. பிறகு மூலைக்குப் போய்ப் பச்சைக் கண்ணாடியிலும் ஒரு சொட்டு வைத்தோம். அதில் தானியம் இல்லை. எல்லாம் ஒரே பச்சை, பூசி மெழுகின மாதிரி. அதன் எழுத்து ஏன் அத்தனை கூர்மை என்று அப்போது எனக்கு விளங்கிய மாதிரி இருந்தது. கலர்க்காரன் மூன்று நிறத்துக்கு இடம் விடவேண்டும். இவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கொழுந்தனார் திரும்பி வந்து பாக்ஸ் இரண்டையும் அடுத்த அறைக்குத் தூக்கிப் போனார். பாக்ஸுக்குள் காந்தம் இருக்கிறதாம். காந்தம் பக்கத்தில் இருந்தால் கலர் மானிட்டருக்குள் ஒவ்வொரு நிறமும் தன் இடத்தை விட்டு அடுத்ததன் இடத்தில் போய் விழுமாம். நாங்கள் ஒரு பகல் ஓர் இரவு முழுக்க பாக்ஸை அதோடு ஒட்டி வைத்திருந்தோம். மதுரைக்காரர் சொன்ன வைத்தியம் லேசானது: அணைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மறுபடி போடவேண்டும். போடும்போதெல்லாம் உள்ளேயே ஏதோ ஒன்று அந்தக் காந்தத்தைக் கலைத்துவிடும். போட்டார். "ண்ணொய்ங்" என்று ஒரு சத்தம், படம் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. கத்தரிப்பூ நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மறுபடி ஆறவிட்டு, மறுபடி போட்டு, துணியில் கறை போக்குவது போல மத்தியானத்துக்குள் போக்கிவிட்டோம். மூலையில் ஒரு சாயல் மட்டும் மிச்சம்.

ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று கொழுந்தனார் கேட்டார். வேண்டாம் என்றேன். என் ஓரகத்திதான் நடுவர். என் வீட்டுக்காரர் அவித்த கடலையோடு உட்கார்ந்தார்.

முதலில் கொழுந்தனார் ஆடினார். நன்றாகவே ஆடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு சுவரை முழுசாக உடைத்துவிட்டு மூன்றாவதில்தான் போனார்.

நான் உட்கார்ந்தேன். பந்து கிளம்பியது. எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பந்து இங்கே இருந்தது, அப்புறம் அங்கே இருந்தது. நடுவில் எந்த வழியாகப் போனது என்று சொல்ல ஒரு தடமும் இல்லை. ஓர் ஆள் நடந்து போயிருக்கிறான், மண்ணில் காலடி இல்லை, அந்த மாதிரி. கண் தடத்தைத் தேடியது, அதற்குள் பந்து இறங்கிவிட்டது. போதாததற்குச் சிவப்பும் மஞ்சளுமாகச் செங்கல் பளபளக்க, கண் அங்கே போய் நின்றது. மூன்று உயிரும் முதல் சுவரிலேயே போய்விட்டன.

கடலை உரிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. எழுந்திருக்கப் போனேன். என் ஓரகத்திதான் தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க அக்கா உங்க கண்ணாடியில உக்காந்தாக. நீங்க அவுக கண்ணாடியில உக்காருங்க. அதுலயும் ஜெயிச்சா ஒத்துக்கிறேன்."

பந்தயத்தில் அது இல்லை என்றார் அவர். உக்காருலே என்று அண்ணன் சொன்னதும் உட்கார்ந்தார். பச்சையில் பந்து கிளம்பியது. கலரிலேயே பழகிய கண், பாவம். வால் எது, தலை எது என்று தெரியாமல், வால் கிடந்த இடத்துக்கெல்லாம் கட்டையை ஓட்டினார். மங்கிப்போன பந்தைத் துரத்திக்கொண்டு போனார், நிஜப் பந்து பின்னால் விழுந்தது. என்னைவிடச் சீக்கிரம் எழுந்தார்.

"ரெண்டு பந்து வருது மதினி," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

ஆனாலும் பந்தயம் கலரில்தான். அதில் நான் தோற்றேன். பச்சை போகட்டும் என்று நானே சொன்னேன். கொழுந்தனார் வேண்டாம், இருக்கட்டும் என்றார். வாக்கு கொடுத்தாகிவிட்டது, எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றேன். அதன் முகத்தை நானே துடைத்து, பழைய சேலை சுற்றி வாசலருகே வைத்தேன்.

மதுரைக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்குவதில்லை, மேலே பூத்தொட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எதற்காக நாங்கள் இத்தனை பாடு பட்டோமோ அது யாருக்கும் வேண்டாத சாமான். வீடே சிரித்தது. பச்சை மறுபடி மூலைக்கு வந்தது.

நான் மட்டும் அதன்முன் உட்காரவில்லை. போய்விட்டது என்றால் போய்விட்டதுதான். மத்தியானத்தில் கலர்முன் உட்கார்ந்து, முதல் வாரம் ஆடியவளைப் போல ஆடினேன். மூலையில் வேறு ஒருவர் உட்கார ஆரம்பித்திருந்தார். என் வீட்டுக்காரர். அதுவரை அந்தப் பொத்தானைத் தொடாதவர், பச்சையில் வாலைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக உடைத்தார். ஒவ்வொரு சுவருக்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் முதல் சுவருலதான் இருக்கியா?" என்று கேட்பார். நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பேன். இரவில் மட்டும் குழம்பில் உப்பைக் குறைத்துவிடுவேன்.

தீபாவளி போய்க் கார்த்திகை வருவதற்குள் எனக்கு ஒரு வழி கிடைத்தது. பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எந்தச் செங்கல் உடைகிறது என்று மட்டும் பார்த்தேன். கட்டை எங்கே நிற்கிறது, எந்தச் செங்கல் உடைகிறது, இரண்டுக்கும் நடுவே நானே மனசில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அதே சாய்வில் மறுபக்கம் இறக்கினால் பந்து விழும் இடம் கிடைத்தது. பச்சைக் கண்ணாடி போட்டுக் கொடுத்த கோட்டை இப்போது நான் போடவேண்டியிருந்தது. ஆரம்பத்தில் கோணலாக விழுந்தது. போகப் போக நேராக விழுந்தது. இரண்டாவது நிறம், மூன்றாவது நிறம் என்று கண் அலையாமல் இருக்கவும் பழகிக்கொண்டேன். அழகு அழகாகவே இருக்கட்டும், நான் ஆட வந்தவள்.

கார்த்திகையில் நல்ல மழை பிடித்த ஒரு நாள். பிள்ளைகள் யாரும் வரவில்லை. கொழுந்தனாரை நானே கூப்பிட்டேன். அவர் ஆடினார், மூன்றாவது சுவரில் போனார். நான் உட்கார்ந்தேன். மூன்றாவதை உடைத்தேன். நாலாவதையும் உடைத்தேன். ஐந்தாவதில் பாதியில் போனேன், அதுவும் மேலே ஓடு ஒழுகி ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்ததால்.

கொழுந்தனார் கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூலையிலிருந்து என் வீட்டுக்காரரும் திரும்பியிருந்தார், அவர் பந்து கீழே விழுந்தது தெரியாமல்.

"சரி மதினி. அப்ப கண்ணாடி இல்ல, கைதான். நான் ஒத்துக்கிறேன்."

இதைக் கேட்கத்தான் நான் இத்தனை மத்தியானம் உட்கார்ந்தேன். கேட்டதும், அது முழுசாகச் சரியில்லை என்று பட்டது. பச்சை எனக்குக் கோட்டைக் காட்டாமல் இருந்தால், கோடு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அதை அவரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொன்னால் மறுபடியும் பாதி அக்கா, பாதி கண்ணாடி என்று ஆரம்பிப்பார்.

"ஒரு ஆட்டத்த வச்சு அப்படிச் சொல்லிறக் கூடாது தம்பி," என்றேன். "உக்காருங்க. இன்னொன்னு ஆடிப் பாப்போம்."

அவர் உட்கார்ந்தார். மழை விடவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சோற்றை என் ஓரகத்திதான் வடித்தாள்.